படியேறி முன்னேறிய விதம்

கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் யாரோ ஆணி அடித்து, அதில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டதுபோல் இருந்தது. ஒரு வாரம்தான். மாமாவுக்குப் பதிலாக ஒரே ஒரு வாரம் போய் ஃபிரிட்ஜும் பீரோவும் தூக்கியதற்கு இந்தக் கதி.

"என்ன டாக்டரே, வலிக்குதா?" என்றார் மாமா, தரையில் குப்புறப் படுத்தபடியே.

"இல்ல மாமா."

"வலிக்கலேன்னா நீ தூக்கல. தூக்குறவன்கூட நடந்துட்டு வந்திருக்கே."

மாமா என்றால் அக்காவின் புருஷன். வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கும் கடையில் சுமைக்காரர். டாக்டர் என்றால் அக்காவின் தம்பி. பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் ஆராய்ச்சி மாணவன். பட்டம் இதோ வரும், அதோ வரும் என்று சொல்லிச் சொல்லியே முன்மண்டையில் முடி போய்விட்டது. பட்டம்தான் வரவில்லையே தவிர, பெயரை மாமா முன்கூட்டியே கொடுத்துவிட்டார். தெருவில் சிலர் அவனிடம் காய்ச்சலுக்கு மாத்திரை கேட்பதும் உண்டு.

நிஜ டாக்டர், மாமாவின் முதுகெலும்புப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இனி பாரம் ஏற்றினால் ஒரு நாள் படியிலேயே உட்கார்ந்துவிடுவீர்கள், அப்புறம் எழுந்திருப்பது உங்கள் கையில் இல்லை என்று சொல்லியிருந்தார். கடை முதலாளி அதைவிடச் சுருக்கமாகச் சொன்னார்: "தூக்க முடிஞ்சா வா. முடியலேன்னா சொல்லிடு. ஆள் நிக்குது."

டாக்டருக்கு ஆராய்ச்சியில் இத்தனை வருஷமாக வராத யோசனை, தோள் வலியில் வந்தது. படியேறும் வண்டி. பக்கத்துக்கு மூன்று சக்கரம், முக்கோணமாக. ஒரு சக்கரம் படியில் ஊன்றிக்கொண்டால் மற்றொன்று சுழன்று வந்து அடுத்த படியைக் கவ்வும். துறைப் பட்டறையில் துருப்பிடித்துக் கிடந்த இரும்புச் சட்டம் கிடைத்தது. பழைய பைக் செயின் கிடைத்தது. மோட்டார்தான் இல்லை. அக்காவின் துணி துவைக்கும் மெஷினைக் கவிழ்த்துப் போட்டு, மோட்டாரைக் கழற்றினான்.

"டேய், துணிக்கு என்னடா பண்றது?"

"ரெண்டே வாரம்க்கா. வேற மோட்டார் வாங்கி மாட்டிடறேன்."

"எழுதிக் குடு."

"கூடப் பொறந்த தம்பிகிட்ட எழுதி வாங்குவியா?"

"தம்பிகிட்டதான் வாங்கணும். வெளியாளா இருந்தா அடிச்சே வாங்கிடுவேன்."

வண்டி ஓடியது. வாடிக்கையாளர் வீட்டுப் பிளக்கில் நீள வயரைச் சொருகினால், இரட்டைக் கதவு ஃபிரிட்ஜைச் சுமந்துகொண்டு தடக் தடக்கென்று மூன்றாம் மாடி ஏறியது. மாமா பின்னால் கைப்பிடியை மட்டும் பிடித்துக்கொண்டு போனார். மேலே போய்ச் சேர்ந்ததும் அவருக்கு மூச்சு வாங்கவில்லை. மூச்சு வாங்காததே ஒரு மாதிரி கூச்சமாக இருந்தது அவருக்கு.

"மாப்ள, நாய்க்குட்டி மாதிரில்ல கூட வருது!" என்று வண்டியைத் தட்டிக்கொடுத்தார். படியேறி என்று பெயரும் வைத்தார்.

முதலாளி வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா கஸ்டமர் வீட்டுப் படி உடைஞ்சா? ஃபிரிட்ஜ் உருண்டு எவன் தலையிலயாவது விழுந்தா? பாதுகாப்பான வண்டின்னு ஒரு சர்டிபிகேட் கொண்டா. பேப்பர் இருந்தா வண்டி. இல்லேன்னா முதுகு."

ஒரு சர்டிபிகேட். அவ்வளவுதான் வேண்டும். பல்கலைக்கழகத்தில் திரும்பிய பக்கமெல்லாம் 'உங்கள் கண்டுபிடிப்பைச் சந்தைக்குக் கொண்டு செல்வது எங்கள் கடமை' என்று ஒட்டியிருந்தது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். இத்தனை நாள் அந்தச் சுவரொட்டியைத் தாண்டிப் போய்வந்ததில் டாக்டரின் புத்தி தேய்ந்திருக்க வேண்டும். நம்பிவிட்டான்.

புத்தாக்கத் தொழில் வளர்ப்பு மையம் நான்காம் மாடியில் இருந்தது. லிஃப்ட் கதவில் 'பழுது' என்ற அறிவிப்பைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். இன்றைக்கோ நேற்றைக்கோ வந்த பழுதாகத் தெரியவில்லை.

"பரவால்ல, நம்ம வண்டிதான் ஏறுமே" என்றார் மாமா.

காவலாளி கையை நீட்டி மறித்தார். "சர்டிபிகேட் இல்லாத மெஷினைப் படியில ஓட்டக் கூடாது."

"சர்டிபிகேட் வாங்கத்தான் மேல போறோம்."

"போங்க. யார் வேணாம்னா? தூக்கிட்டுப் போங்க."

தூக்கினார்கள். டாக்டர் கீழ்ப்பக்கம், மாமா இடுப்பில் சுமை தூக்கும் பட்டையைக் கட்டிக்கொண்டு மேல்பக்கம். இரண்டாம் மாடித் திருப்பத்தில் மாமா நின்று, சுவரில் சாய்ந்து சிரித்தார்.

"படியேறுற வண்டியை நாம படியேத்துறோம் மாப்ள. இதுக்கு ஃபிரிட்ஜே தேவலாம். அது தானா ஏறுவேன்னு நம்மகிட்ட சொன்னதில்ல."

மையத்துக்குள் நாற்காலிகள் நாற்காலி மாதிரி இல்லை. மணல் மூட்டை மாதிரி கிடந்தன. மாமா ஒன்றில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவரை எழுப்ப இரண்டு பேர் வர வேண்டியதாயிற்று. சுவரில் 'தோல்வியைக் கொண்டாடு' என்று ஆள் உயர எழுத்து. அதன் கீழே மூட்டைகளில் புதைந்து சில இளைஞர்கள் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

மைய இயக்குநர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். "வாங்க, வாங்க! நம்ம மையத்துல இப்ப நூத்துக்கும் மேல நிறுவனங்கள் வளருது. தொடங்கின நாள்லேர்ந்து ஒண்ணுகூட வெளியில போனதில்ல. அவ்வளவு அன்பா வளர்க்கிறோம். உங்களது எந்த நிலையில இருக்கு?"

"வேலை செய்யுது சார்."

இயக்குநரின் முகம் வாடியது. சாவு வீட்டுக்கு வந்தவர்போல் டாக்டரின் தோளில், சரியாக அந்த ஆணி இருந்த இடத்தில், கை வைத்தார். "சரியா பார்த்தீங்களா? முழுசாவா செய்யுது?"

"மூணாவது மாடிக்கு ஃபிரிட்ஜ் ஏத்தினோம் சார்."

"அப்ப ஒன்பதாம் நிலை." அவர் பெருமூச்சு விட்டார். "பாருங்க, தொழில்நுட்பத்துக்கு ஒன்பது நிலை. ஒண்ணு, வெறும் எண்ணம். ஒன்பது, சந்தைக்குத் தயார். எங்க ஆதரவுத் திட்டம் நாலாம் நிலைக்கு. நாலை அஞ்சாக்க உதவி பண்ணுவோம். ஒன்பதை நாங்க என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேணாம் சார். பாதுகாப்பானதுன்னு ஒரு சர்டிபிகேட் குடுத்தா போதும்."

"திட்டத்துல சேர்ந்தவங்களுக்குத்தான் சர்டிபிகேட். நாலாம் நிலையில இருக்கிறவங்களைத்தான் திட்டத்துல சேர்க்க முடியும்." வண்டியைச் சுற்றி வந்தார். அவர் அதைப் பார்த்தது அப்போதுதான். குனிந்து ஒரு சக்கரத்தைப் பாசமாகத் தொட்டார். "இதைக் கழட்டிட்டா?"

"ஓடாது சார்."

"அதைத்தான் சொல்றேன்!" இயக்குநரின் முகம் மலர்ந்தது.

மாமா டாக்டரின் காதில், "இந்த ஆளு எந்தக் கடையில வேலை பார்த்தாரு?" என்று கேட்டார்.

சக்கரத்தைக் கழற்றினார்கள். கழற்றும்போது போட்டோ எடுத்தார்கள். அடுத்த அறையில் சட்ட அலுவலர் அம்மா ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தார். மாணவர் விழித்திருக்கையிலும் உறங்குகையிலும் வலியால் அவதிப்படுகையிலும் கண்டுபிடிப்பவை அனைத்தும் பல்கலைக்கழகத்துக்கே சொந்தம். மாணவர், அவர் உறவினர், அவர் உறவினரின் முதலாளி எவரும் உரிமம் இன்றி அதைப் பயன்படுத்தலாகாது.

"மேடம், மோட்டார் எங்க அக்காவோடது."

"இருந்தது" என்று அந்த அம்மா திருத்தினார். மோட்டாரின் தலையில் 'பல்கலைக்கழகச் சொத்து' என்று ஒரு வில்லையை ஒட்டி, காற்றுக்குமிழி இல்லாமல் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். "படியேறின்னு பேர் வெச்சது யாரு?"

"நான்தாம்மா" என்றார் மாமா, கொஞ்சம் பெருமையாக.

"அப்ப நீங்களும் இனிமே அந்தப் பேரைச் சொல்லக் கூடாது. இங்க ஒரு கையெழுத்து."

டாக்டர் பேனாவை வைத்துக்கொண்டு தயங்கினான். மாமா அவன் முழங்கையை இடித்தார். "போடு மாப்ள. சர்டிபிகேட் வந்தா சரி. வண்டி யாருதா இருந்தா என்ன, ஏறினா சரி."

திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி உண்டு. கழுத்தில் அட்டை, காலில் சாக்ஸ் இல்லாத ஷூ. மேடையில் ஏறியதும், "நான் ஐந்து நிறுவனங்களை மூடியிருக்கிறேன்!" என்றார். கைதட்டல் எழுந்தது. "ஆறாவதாக நடத்துவது, நிறுவனங்களை எப்படி மூடுவது என்று சொல்லித்தரும் நிறுவனம். அது மட்டும் நன்றாக ஓடுகிறது!" எழுந்து நின்று தட்டினார்கள்.

பிறகு டாக்டரைப் பார்த்துக் கேட்டார். "உங்க கண்டுபிடிப்பு எந்தப் பிரச்சினையைத் தீர்க்குது?"

"எங்க மாமாவுக்கு முதுகு வலி சார்."

"தப்பு. ஒரு மாமாவுக்கு வலிச்சா அது குடும்ப விஷயம். உலகத்துல எத்தனை கோடி மாமா? அதுல எத்தனை பேருக்கு வலிக்குது? வருஷா வருஷம் வலி எத்தனை சதவீதம் வளருது? வலி வளர்ந்தாதான் முதலீட்டாளர் வருவாரு. குறைஞ்சா ஓடிடுவாரு. உங்க மாமாவுக்கு எப்படி, வளருதா?"

"வளருது சார்."

"சபாஷ்!"

வலியை அளந்துவரச் சொன்னார்கள். டாக்டர் வீட்டிலிருந்தே ஆரம்பித்தான். மையத்தில் கொடுத்த கேள்வி அட்டையைப் பார்த்துப் படித்தான். "மாமா, உங்க வலியை ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள சொல்லணும்."

"சும்மா நிக்கும்போதா, தூக்கும்போதா?"

"அது இதுல இல்ல மாமா."

"அப்ப இதை எழுதினவனைக் கூட்டிட்டு வா. ஒரு பீரோவை அவன் முதுகுல வெச்சிட்டு, நானே அவனைக் கேட்டுச் சொல்றேன்."

அக்கா வாளிப் பக்கத்திலிருந்து ஈரக் கையோடு எட்டிப் பார்த்தாள். ரெண்டு வாரம் எப்போதோ போயிருந்தது. "என்னைக் கேளுடா. மணிக்கட்டுக்கு ஒம்பது போட்டுக்கோ. போர்வை துவைக்கிற அன்னிக்குப் பத்து."

"உன் வலி திட்டத்துல வராதுக்கா."

"எது வந்துது, இது வர்றதுக்கு?"

மதிப்பீட்டுக் குழு கூடிய நாளில் ஒரு அசம்பாவிதம் நடந்துவிட்டது. ஒரு சக்கரம் இல்லாமலும் படியேறி, நொண்டி நொண்டி இரண்டு படி ஏறிவிட்டது. குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏறுதே!" என்றார் ஒருவர், குற்றம் சாட்டும் குரலில்.

இயக்குநர் டாக்டரைத் தனியே அழைத்துப் போனார். "இது சரிப்படாது. அதுவும் இல்லாம, நாலாம் நிலைக்கு ஒதுக்கின பணம் இந்த வருஷம் தீர்ந்துபோச்சு. மூணாம் நிலைக்கு எக்கச்சக்கமா இருக்கு. செலவழிக்கலேன்னா திரும்பப் போயிடும். மோட்டாரைக் கழட்டிடுவோம்."

"சார், சர்டிபிகேட்?"

"அதுக்குத்தானே கழட்டச் சொல்றேன்!"

மோட்டார் தனியாகப் பொருள் காப்பறைக்குப் போனது. வண்டி தரைத்தளத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் போனது. அதற்கு ஒரு விழா, ரிப்பன், போட்டோ. பிறகு மூன்றாம் நிலையிலும் கூட்டம் அதிகம் என்று இரண்டாம் நிலைக்கு மாற்றினார்கள். அங்கே வண்டியே இருக்கக் கூடாதாம், கணக்கு மட்டும் போதுமாம். கடைசியில் முதல் நிலை. ஒரு தாளில் படம்.

"சார், நாம பின்னாடில்ல போறோம்?" என்று ஒரு நாள் டாக்டர் கேட்டேவிட்டான்.

இயக்குநர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்று, வெளியே பார்த்தபடி பதில் சொன்னார். "வேலை செய்யற பொருளை எந்தக் கடைக்காரனும் விப்பான். அதுக்குப் பல்கலைக்கழகம் எதுக்கு? வேலை செய்யாததை மதிக்க, அதுக்கு அறை குடுக்க, குழு போட, விருது குடுக்க ஒரு இடம் வேணும் இல்லையா? நானும் முப்பது வருஷம் இங்கதான் இருக்கேன். என்னை யாராவது ஓட்டிப் பார்த்திருக்காங்களா?"



இந்தப் பக்கம் மாமா எத்தனை நாள்தான் குப்புறப் படுத்திருப்பார்? முதலாளி ஆள் அனுப்பினார். மாமா பட்டையை எடுத்துக் கட்டினார். அக்கா வாசலை மறித்து நின்றாள்.

"போகாதீங்க. சர்டிபிகேட் வரட்டும்."

"வரும், வரும். உன் தம்பிக்குப் பட்டம் வர்ற மாதிரி வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். டாக்டருக்கு அது உறைத்தது. அவர் உறைக்கட்டும் என்று சொன்னதல்ல என்பது இன்னும் உறைத்தது.

பிறகு விருது விழா வந்தது. 'ஆண்டின் சிறந்த சமூகக் கண்டுபிடிப்பு: படியேறி'. விழா நான்காம் மாடி அரங்கத்தில். லிஃப்டின் 'பழுது' இன்னும் சட்டத்துக்குள்ளேயே இருந்தது. டாக்டர் இரவல் கோட்டில், முதல் வரிசையில், கழுத்தைத் திருப்ப முடியாமல் உட்கார்ந்திருந்தான். மேடையில் மேசை இருந்தது, மேசைமேல் விரிப்பு இருந்தது, பரிசு இல்லை.

"பரிசு எங்க?" என்று வழிகாட்டி ஓடிவந்து கிசுகிசுத்தார்.

"வந்துட்டிருக்கு சார்" என்றான் ஒரு ஊழியன். "கருங்கல்லுல செஞ்சது. படிக்கட்டு மாதிரி. செம கனம். வெளியில ஆள் சொல்லியிருக்கோம்."

டாக்டர் எழுந்து கதவுக்குப் போனான். கதவைத் தாண்டிப் படிக்குப் போனான். கைப்பிடியைப் பிடித்துக் கீழே எட்டிப் பார்த்தான்.

மூன்றாம் மாடித் திருப்பத்தில் மாமா உட்கார்ந்திருந்தார். முதுகில் பட்டையோடு பட்டையாகக் கருங்கல் படிக்கட்டு. கல் சுவரில் சாய்ந்திருந்தது; மாமா கல்லில் சாய்ந்திருந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது.

"மாமா!"

"உஷ். கத்தாதே. உள்ள கூட்டம் நடக்குது." மாமா பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தார். "உனக்காடா இது? மொதல்லயே தெரிஞ்சிருந்தா சின்னதா ஒண்ணு குடுக்கச் சொல்லியிருப்பேனே."

"எழுந்திருங்க மாமா."

"கால் எங்கயோ இருக்கு மாப்ள. என்கிட்ட இல்ல."

மேலே ஒலிபெருக்கியில் இயக்குநர் முழங்கிக்கொண்டிருந்தார். "சுமப்பவனின் முதுகை நிமிர்த்த வேண்டும் என்று இந்தப் பல்கலைக்கழகம் முடிவெடுத்தது! இன்று அவன் நிமிர்ந்துவிட்டான்!" கைதட்டல் படிகளில் உருண்டு கீழே வந்தது.

ஊழியர்கள் நாலைந்து பேர் தடதடவென்று இறங்கி வந்தார்கள். பட்டையை அவிழ்த்தார்கள். கல்லுக்கு அடிபடாமல், ஆளுக்கொரு மூலை பிடித்து, பார்த்து, பார்த்து என்று சொல்லிக்கொண்டே மேலே கொண்டுபோனார்கள். வழிகாட்டி மட்டும் நின்று, "சீக்கிரம் வாங்க, உங்க பேரைக் கூப்பிடப் போறாங்க" என்று டாக்டரின் கோட்டைச் சரிசெய்துவிட்டுப் போனார்.

டாக்டர் கீழே ஓடினான். கண்ணாடிப் பெட்டிக்குள் படியேறி விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தது. வார்னிஷ் அடித்திருந்தார்கள். ஒரு பக்கம் ஒரு சக்கரம் இல்லை. மோட்டார் இருந்த இடத்தில் ஒரு செயற்கைப் பூங்கொத்து.

காவலாளி கையை நீட்டினார். "தொடக் கூடாது சார். காட்சிப் பொருள்."

திரும்ப மேலே ஏறினான். கோட்டைக் கழற்றிக் கைப்பிடியில் போட்டான். மாமாவின் பட்டையை எடுத்து மாமாவைத் தன் முதுகோடு சேர்த்துக் கட்டினான். மேலே அவன் பெயரை ஒருமுறை கூப்பிட்டார்கள். இன்னொருமுறை கூப்பிட்டார்கள். பிறகு அவனுக்குப் பதிலாக விருதை மையத்தின் சார்பில் இயக்குநரே பெற்றுக்கொள்வார் என்று அறிவித்தார்கள். அதற்குத்தான் இருப்பதிலேயே பெரிய கைதட்டல்.

"முட்டியை மடக்கி இறங்கு" என்றது காதோரம் மாமாவின் குரல். "இடுப்பைக் குடுக்காதே. என்னடா, ஃபிரிட்ஜைவிடக் கனமா இருக்கேனா?"

"ஃபிரிட்ஜ் பேசாது மாமா."

மாமா அதன் பிறகு ஆஸ்பத்திரி வரைக்கும் பேசவில்லை.

அறுவை சிகிச்சை முடிந்தது. எழுந்து உட்காரலாம், ஊன்றுகோல் வைத்துக் கழிப்பறை வரை போகலாம். பாரம் கூடாது என்று இந்த முறை நிஜ டாக்டர் சொல்லவே இல்லை. சொல்லத் தேவை இருக்கவில்லை. கடையில் வேறு ஆள் நிற்கிறது.

சர்டிபிகேட் தபாலில் வந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் மையத்துக்குத் துரோகம். தடித்த தாள், தங்க ஓரம், மூன்று கையெழுத்து. 'படியேறியின் வரைபடம் நிபுணர் குழுவால் தீவிரமாகச் சோதிக்கப்பட்டது. இவ்வரைபடத்தால் எவருக்கும், எந்தப் படிக்கட்டுக்கும் சேதம் நேராது என்று சான்றளிக்கப்படுகிறது.'

மாமா வாங்கி நிதானமாகப் படித்தார். "பொய் இல்ல மாப்ள. சரியாத்தான் போட்டிருக்கான்" என்று மடித்துத் தலையணைக்கடியில் வைத்தார்.

பின்பக்கம் அக்கா மாமாவின் போர்வையை அலசிக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் தினமும் போர்வை இருந்தது. ஒரு முனையை அவனிடம் நீட்டினாள். அவன் ஒரு பக்கம் முறுக்க, அவள் எதிர்ப்பக்கம் முறுக்க, தண்ணீர் இருவர் காலிலும் கொட்டியது. அவன் தோளில் ஆணி அதே இடத்தில் இருந்தது.

"காப்பறையில கேட்டியாடா?"

"கேட்டேன்க்கா. சொத்துன்னு வில்லை ஒட்டினதை வெளியில குடுக்க மாட்டாங்களாம். ஏலம் விட்டா சொல்லி அனுப்புறாங்களாம்."

அக்கா போர்வையை உதறி அவன் தோளில் போட்டாள். வாயைத் திறந்த மெஷின் சுவரோரம் நின்றது. அதற்குள் இப்போது வெங்காயம் வைத்திருந்தாள்.

அக்காவுக்கு ஒரு மோட்டார் தர வேண்டும். டாக்டர் அதை இன்னும் தரவில்லை.